மருத்துவரும் மண்வெட்டியும்

(நமது பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



"மாறிவரும் பருவநிலையில் நகரங்களின் ஆரோக்கியமும் மருத்துவத் துறையின் கூட்டுறவும்" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கேட்டவுடன் கொஞ்சம் மலைத்துப் போனேன். நம்ம பீடோரை நகரம் என்று சொல்வதா, ஊர் என்று சொல்வதா என்பதே ஒரு கேள்வி. இரண்டு பக்கமும் கடை, நடுவில் பெரிய சாலை, கொய்யாப்பழம் வாங்க நிற்கும் வெளியூர்க் கார்கள், பின்னால் மலை. இவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் நகரம் என்பது மாடிக் கட்டடத்தில் இல்லை. ஒருவர் வீட்டுக் கால்வாய் அடைத்துக்கொண்டால் பத்து வீட்டுக்குக் காய்ச்சல் வருகிற அளவுக்கு மக்கள் நெருங்கி வாழும் இடம் எதுவோ, அது நகரம்தான். அந்தக் கணக்கில் நாம் எல்லோருமே இப்போது நகரவாசிகள்.

இந்த விஷயத்தை ஜெனீவாவில் தொடங்க வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, கிள்ளானிலேயே தொடங்கலாம்.

1901-ஆம் ஆண்டு. கிள்ளான் அப்போது சிறு பட்டணம். சுற்றிலும் சதுப்பு நிலம். ஊரை ஒட்டியே காடு. அந்த வருஷம் மல்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் அங்கே மாவட்ட மருத்துவராகப் போய்ச் சேர்ந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. மலேரியாக் காய்ச்சல் ஊரை வாட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அதே ஆண்டு செப்டம்பரில் பக்கத்தில் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972-இல் அதற்குத்தான் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாற்றினார்கள். கண்டல் காட்டுச் சேற்றில் கட்டிய துறைமுகம். திறந்த சில வாரங்களிலேயே வேலையாட்களும் உத்தியோகஸ்தர்களும் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். பணத்தைக் கொட்டிக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்கு நிலைமை மோசமாகிவிட்டது.

மலேரியா கொசுவால் வருகிறது என்பது அப்போது புதிய செய்தி. நான்கே ஆண்டுகளுக்கு முன்புதான், 1897-இல், செக்கந்தராபாத்தில் இருந்த ரொனால்ட் ரோஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். அதைப் படித்தவர்கள் பலர். படித்ததைக் கொண்டு மண்ணை வெட்டச் சொன்னவர்கள் சிலரே. வாட்சன் அந்தச் சிலரில் ஒருவர். நோயாளிக்குக் கொயினா கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதோடு அவர் நிற்கவில்லை. ஊருக்குள் உள்ள சதுப்பை வடிக்க வேண்டும், காட்டை வெட்டி ஒதுக்க வேண்டும், கரை கட்டிக் கால்வாய் தோண்ட வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்குங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டார். டாக்டர் கேட்டார், நிர்வாகிகள் ஒப்புக்கொண்டார்கள், இஞ்சினியர்கள் மட்டம் பார்த்தார்கள், கூலியாட்கள் வெட்டினார்கள்.

பலன் என்ன தெரியுமா? கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். அடுத்த ஆண்டே அது 59 ஆகக் குறைந்தது. 1905-இல் 45. அதே காலத்தில் கால்வாய் வெட்டப்படாத சுற்றுவட்டாரத்தில் சாவு குறையவே இல்லை; கூடியது. ஆகவே, "அந்த வருஷம் காய்ச்சல் தானாகத் தணிந்துவிட்டது" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியவில்லை. வாட்சன் பெயர் உலகம் முழுதும் பரவியது. பின்னாளில் சர் பட்டமும் கிடைத்தது. சேற்றில் இறங்கி வெட்டியவர்களின் பெயர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. டாக்டருடைய மூளையும் அவர்களுடைய மண்வெட்டியும் சேர்ந்துதான் அந்த 368-ஐ 59 ஆக்கின என்பதை இந்த மேடையிலாவது சொல்லி வைக்கிறேன்.

இதுவரை சொன்னது நல்ல கதை. இதற்கு மேல்தான் நமக்குச் சம்பந்தப்பட்ட கதை வருகிறது.

கிள்ளான் கடலோரச் சமவெளி. அங்கே மலேரியாவைப் பரப்பிய கொசு நிழலை விரும்புவது. காட்டுக்குள் தேங்கிய கறுத்த தண்ணீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டினால், நீரை வடித்தால், அது ஒழிந்தது. ரப்பர் தோட்டங்கள் மலையடிவாரத்துக்கு ஏறியபோது துரைமார்கள் அதே வைத்தியத்தைச் செய்தார்கள். காட்டை வெட்டினார்கள், ஓடையைச் சுத்தம் செய்தார்கள். காய்ச்சல் குறையவில்லை. அதிகமானது! ஏனென்றால் மலைப்பக்கத்துக் கொசு வேறு ஜாதி. அது வெயில் படும் தெளிந்த ஓடைத் தண்ணீரில் முட்டையிடும். நிழலை நீக்கி, ஓடையைத் துலக்கி, அதற்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் வாட்சன்தான். மலையில் செய்ய வேண்டியது வேறு. ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாக விட வேண்டும், முடியாத இடத்தில் வாரம் தவறாமல் எண்ணெய் தெளிக்க வேண்டும் என்றார். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு ஓடை ஓடையாகக் கொசு எண்ணெய் அடித்துப் போகும் ஆளைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அந்த வேலை வந்த வழி இதுதான்.

எந்தக் கொசு, எங்கே, எந்தத் தண்ணீர் என்று பார்த்து வைத்தியம் செய்கிற இந்த முறையை 1913-இல் டச்சு விஞ்ஞானி ஸ்வெலன்கிரேபெல் இங்கே வந்து பார்த்து, ஜாவாப் பக்கம் கொண்டு போனார். 1929-க்குப் பிறகு வாட்சனின் குழு இதையே வட ரொடீசியாவின் செம்புச் சுரங்கங்களுக்கு எடுத்துச் சென்றது. இன்றைக்கு அந்த நாட்டுக்கு ஜாம்பியா என்று பெயர். மலாயாத் தோட்டத்து ஓடைகளில் படித்த பாடம் ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது. நம் பாடப் புத்தகத்தில் இது இல்லை என்பது எனக்கு ஒரு குறைதான்.

பீடோர் எங்கே இருக்கிறது? மலையடிவாரத்தில். ஒரு பக்கம் தித்திவாங்சா மலை, இன்னொரு பக்கம் ஈயம் தோண்டிய குட்டைகளும் தாழ்ந்த நிலமும். கோலாலம்பூரில் எழுதிய திட்டத்தை அப்படியே இங்கே கொண்டு வந்து ஒட்ட முடியாது. ஊர் மண்ணைத் தெரிந்த ஆள் அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும். கூட்டுறவு கூட்டுறவு என்று பேசுகிறோமே, என் கணக்கில் அதன் முதல் பொருள் இதுதான்.

அந்தக் காலத்துக் கூட்டுறவை நான் ரொம்பவும் புகழ்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தோட்டத்துத் துரைமார் தர்மத்துக்காகக் கால்வாய் வெட்டவில்லை. 1911 வாக்கில் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் சாவு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு அறுபதுக்கும் மேல். கப்பலேற்றிக் கூட்டி வந்த ஆள் காய்ச்சலில் படுத்தால் பால் வெட்ட யார் இருக்கிறார்கள்? ஆள் சாவது கம்பெனிக்கு நஷ்டம். கால்வாய்க்குச் செலவழிப்பது அதைவிட மலிவு. இந்தக் கணக்கைத்தான் வாட்சன் அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்திக் கொயினா ஊற்றியதும் அதே கணக்கில்தான். நம் முன்னோரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்கள் அந்தக் கூட்டில் பங்காளிகள் அல்ல. கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பிறகு சட்டங்கள் வந்தன. 1923-இல் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. தோட்டத்துக்கு ஆஸ்பத்திரி, டிரசர், ஆயாக்கொட்டகை, லயத்தைப் பார்வையிடும் வழக்கம், எண்ணெய் அடிக்கும் ஆள் என்று ஏதோ ஓர் ஏற்பாடு இருந்தது. நல்ல டிரசரும் உண்டு, எதற்கெடுத்தாலும் ஒரே கலர் தண்ணீரைக் கொடுத்த டிரசரும் உண்டு. ஆனால் லயத்துக் கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாது என்று யாரும் கையை விரிக்க முடியாது.

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது அந்த ஏற்பாடும் துண்டாகிப் போனது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது நமக்குத் தெரிந்த வரலாறு. காப்பாற்றப்பட்ட தோட்டங்கள் சில, கைமாறியவை பல. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு. அதற்கும் வெளிநாட்டவர் வந்தார்கள். நம் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பட்டணத்து ஓரத்துத் தாமான்களுக்கும் வாடகை வீடுகளுக்கும் வந்தார்கள். பள்ளிக்கூடத்தின் பெயரில் மட்டும் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் காலையில் பள்ளி வேனில் டவுனிலிருந்து வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ... போதும், போதும், இறக்குங்கள்.

வீடு மாறினோம். டிரசர் கூட வரவில்லை. எண்ணெய் அடிக்கிறவர் வரவில்லை. கால்வாய் அடைத்தால் யாரிடம் சொல்வது என்ற அந்த ஒரு தெளிவும் வரவில்லை. சென்ற ஆண்டு ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "டீச்சர், வீட்டுப் பின்னால லோங்காங் ஆறு மாசமா நாறுது. ஒரு ஆபீஸ்ல கேட்டா அது எங்க கால்வாய் இல்லேங்கிறாங்க, இன்னொரு ஆபீஸ்லயும் அதையே சொல்றாங்க. அப்ப அது கொசுவோட கால்வாயா?" நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவர் மகனுக்கு அதற்கு முந்தின மாதம்தான் டெங்கி வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள்.

மலேரியாவை நாம் பெரும்பாலும் வென்றுவிட்டோம். 2018-இலிருந்து மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தொற்றியதாக ஒருவர்கூட இல்லை என்ற நிலைக்கு மலேசியா வந்தது. பெரிய சாதனை. ஆனால் காட்டுக் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் ஒரு வகை மலேரியா இருக்கிறது. 2004-இல் சரவாக்கின் காப்பிட் பகுதியில், பேராசிரியர் பல்பீர் சிங்கின் குழு, சாதாரண மலேரியா என்று எழுதப்பட்டிருந்த பலருக்கும் உண்மையில் இருந்தது இந்தக் குரங்கு மலேரியாதான் என்று காட்டியது. காட்டை அழித்துக்கொண்டே போனால் காட்டு நோய் வீட்டுக்கு வருகிறது.

டவுனுக்கு வந்த நமக்கு முக்கியமான எதிரி டெங்கி. 1902-இலேயே பினாங்கில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று அது நாடு முழுவதும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1,30,101 பேருக்கு டெங்கி. 182 பேர் இறந்தார்கள். இந்த ஏடிஸ் கொசு சதுப்பைத் தேடிப் போவதில்லை. வீட்டைத் தேடி வருகிறது. மூடாத தண்ணீர்த் தோம்பு, பூந்தொட்டித் தட்டு, சாமி மேடைப் பூச்சாடி, பழைய டயர், கூரைத் தகரத்தில் தேங்கிய இலை. இன்னொன்று, பால் வெட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது: வெட்டாமல் விட்ட மரத்தில் தொங்கும் மங்கு. மழைத் தண்ணீர் நின்றால் அதுவும் கொசுவுக்கு வீடு. பழைய ஆட்கள் மங்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவார்கள். காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பழக்கம் மட்டும் சரியானது.

முட்டை பொரித்துப் புழுவாகிக் கூடாகிக் கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. பாத்திரத்தின் ஓரத்தில் மாதக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். புகை அடிக்கும் லோரி வந்தால் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தோம்பில் நெளிகிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

பருவநிலை இங்கேதான் வந்து சேருகிறது. சூடு கூடினால் கொசு சீக்கிரம் வளர்கிறது. அதன் உடம்புக்குள் டெங்கிக் கிருமியும் சீக்கிரம் பெருகுகிறது. மழை கூடினால் தண்ணீர் தேங்கும் இடம் கூடுகிறது. சரி, மழை இல்லாவிட்டால் தப்பித்தோமா? இல்லை. குழாயில் தண்ணீர் வராத நாளில் நாம் தோம்பு தோம்பாகப் பிடித்து வைக்கிறோமே! 2016 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெர்லிஸிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். 2021 டிசம்பரில் நேர்மாறு. இரண்டு நாள் மழையில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியது. ஷா ஆலாம் ஸ்ரீ மூடா தாமானில் ஜனங்கள் கூரை மேல் உட்கார்ந்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த ஆண்டு வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட நஷ்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா கணக்குச் சொன்னது. நூற்றிருபது ஆண்டுக்கு முன் கால்வாய் வெட்டி உயிரைக் காத்த அதே கிள்ளான் வட்டாரம்! அன்றைய மழைக்கு, அன்றைய ஜனத்தொகைக்கு வெட்டிய கால்வாயை நம்பி இன்றைய நகரம் இருக்க முடியாது. வெள்ளம் வடிந்த பிறகு வருவது எலிக் காய்ச்சலும் வயிற்றுப் போக்கும். அந்த நேரத்தில் கிளினிக்குக்குப் போகும் சாலையே தண்ணீருக்குள் இருந்தால், டாக்டர் உள்ளே இருந்து என்ன பயன்?

நம் பேராக்கிலேயே கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங்கில் 1996 ஆகஸ்டில் மலையிலிருந்து மரமும் சேறும் வெள்ளமுமாக வந்து பூர்வகுடி மக்கள் 44 பேரைக் கொண்டு போனதை மறக்க முடியாது. மலையடிவாரத்தில் இருப்பவர்கள் மழையைப் பற்றிப் பேசும்போது விளையாட்டாகப் பேசக் கூடாது.

கூட்டுறவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பேராக்கிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1998-இல் ஈப்போவுக்குப் பக்கத்தில் பன்றிப் பண்ணை வட்டாரத்தில் மூளைக் காய்ச்சல் கிளம்பியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பண்ணைக்காரர்களுக்கு ஒரு சந்தேகம். ஜப்பானியக் காய்ச்சல் குழந்தைகளைத்தானே அதிகம் பிடிக்கும், இங்கே பன்றியோடு வேலை செய்கிற பெரியவர்கள் அல்லவா விழுகிறார்கள்? தடுப்பூசி போட்டவனும் விழுகிறானே? பன்றியும் இருமுகிறதே? மனித வைத்தியர் ஒரு பக்கம், மிருக வைத்தியர் ஒரு பக்கம், பண்ணைக்காரர் இன்னொரு பக்கம். மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க மாதக் கணக்காயிற்று. அதற்குள் பன்றிகளை ஏற்றிக்கொண்டு போன லோரிகளோடு நோய் நெகிரி செம்பிலானுக்கும் போய்விட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டுபிடித்தார். நிப்பா என்று பெயர் வைத்தார்கள். பழந்தின்னி வௌவாலிடமிருந்து, பண்ணையோடு சேர்த்து நட்ட பழமரங்கள் வழியாகப் பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்திருக்கிறது. 265 பேருக்கு நோய். 105 பேர் இறந்தார்கள். சீனர்கள்தான் அதிகம், பண்ணைகளில் கூலி வேலை செய்த நம் இந்தியர்களும் உண்டு. பண்ணையில் வேலை செய்தவன் சொன்னதை முதலிலேயே காதில் போட்டுக்கொண்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ, அது யாருக்கும் தெரியாத கணக்கு.

நல்ல முயற்சிகளும் நடந்திருக்கின்றன, சொல்லாமல் விடக் கூடாது. 1994-இல் கூச்சிங் நகரம் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆரோக்கிய நகரத் திட்டத்தில் இறங்கியது. சுகாதார இலாகா மட்டும் இல்லாமல், நகராண்மை, கல்வி, பொதுப்பணி என்று எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2001-இல் ஜொகூர் பாருவில் வீட்டுக்காரர்களே வாரத்துக்கு ஒரு நாள் தங்கள் வீட்டில் புழு இருக்கிறதா என்று தேடும் இயக்கத்தைச் சுகாதார இலாகா தொடங்கியது. இப்போது பினாங்குத் தீவில், பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஏற்பட்ட அனைத்துலக நிதியிலிருந்து ஒரு கோடி அமெரிக்க டாலர் பெற்று, மரம் நட்டு நகரத்தின் சூட்டைத் தணிக்கவும் மழைநீரை மண்ணில் இறக்கவும் ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். மாநில அரசாங்கமும், நகராண்மையும், வடிகால் இலாகாவும், ஐக்கிய நாட்டு வாழ்விட அமைப்பும் அதில் சேர்ந்திருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது சிலாங்கூரில் நடந்தது. 2017-இலிருந்து, கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, ஒல்பாக்கியா என்ற நுண்ணுயிர் உள்ள ஏடிஸ் கொசுக்களை வளர்த்துக் குடியிருப்புகளில் விட்டார்கள். அந்த நுண்ணுயிர் இருக்கும் கொசுவின் உடம்பில் டெங்கிக் கிருமி சரியாகப் பெருகாது. விட்ட இடங்களில் டெங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது. இதில் விஞ்ஞானத்தைவிட எனக்கு வேறொன்று பெரிதாகப் படுகிறது. "ஐயா, உங்கள் வீட்டு வாசலில் கொசுவைத் திறந்து விடப் போகிறோம்" என்று சொல்லி ஒருவரைச் சம்மதிக்க வைக்க முடியுமா? முடிந்திருக்கிறது. வீடு வீடாகப் போய், உட்கார்ந்து, கேள்விக்குப் பதில் சொல்லி, ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள். பெரட்டுக் களத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கொயினா ஊற்றிய காலத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

அப்படியானால் பீடோரில் நாம் என்ன செய்வது? கோத்தோங் ரோயோங் என்று ஒரு நாள் கூடி, பிரமுகர் ஒருவர் ஒரு கூடைக் குப்பையை அள்ளிப் படம் எடுத்துக்கொண்டு போவது எனக்கு உடன்பாடில்லை. மங்கு மறுவாரம் மறுபடி நிறைந்துவிடும். கொசு வாரா வாரம் வேலை செய்கிறது. நாமும் வாரா வாரம் செய்தால்தான் ஈடு.

நம் தாய்மார்களிடம் ஏற்கனவே ஒரு வழக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டைக் கழுவி, விளக்கைத் துலக்கி, சாமி மேடையில் பூ மாற்றுகிறீர்கள். ஏழு நாளைக்கு ஒரு முறை! கொசுவின் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான நாள் எந்த டாக்டரும் குறித்துக் கொடுக்க முடியாது. பூச்சாடித் தண்ணீரை மாற்றும் அதே கையோடு தோம்பைத் தேய்த்து மூடுங்கள், பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. ஓரத்தைத் தேய்க்க வேண்டும், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். ஐயாமார்களே, கூரை ஜல்லடையில் அடைத்த இலையை எடுப்பது உங்கள் வேலை. ஏணி ஏற அம்மாவை அனுப்ப வேண்டாம்.

வீட்டுக்குள் இருப்பது நம் பொறுப்பு. வேலிக்கு வெளியே இருப்பது தாப்பா மாவட்ட மன்றத்தின் பொறுப்பா, பொதுப்பணி இலாகாவின் பொறுப்பா, வடிகால் இலாகாவின் பொறுப்பா என்பதைத் தனி ஆள் போய்க் கேட்டால் பந்தாடுவார்கள். பள்ளிக்கூடம் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். நம்முடைய பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதில் ஒரு முடிவு எடுத்திருப்பதை அறிவிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் அடுத்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுக்கப்படும். வெள்ளிதோறும் வீட்டில் எங்கெங்கே தண்ணீர் தேங்கியிருந்தது, புழு இருந்ததா, என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும். பின் பக்கத்தில் வீட்டைச் சுற்றியுள்ள கால்வாயைப் படமாக வரைந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது, மழை பெய்தால் எது வரை ஏறுகிறது என்று குறிக்க வேண்டும். புழு இருந்தது என்று எழுதினால் அம்மா திட்டுவார்களே என்று பயந்து யாரும் பொய் எழுதக் கூடாது. தாய்மார்களே, தயவு செய்து திட்டாதீர்கள். புழு இருக்கும் வீடு கேவலமான வீடு இல்லை. பார்க்காத வீடுதான் ஆபத்தான வீடு.

மாதக் கடைசியில் இந்தப் படங்களை எல்லாம் ஒட்டி நாங்கள் ஒரே படமாக்குவோம். ஒரு பிரதி பீடோர் சுகாதாரக் கிளினிக்குக்கு, ஒரு பிரதி மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு, ஒரு பிரதி மாவட்ட மன்றத்துக்கு. ஒரே கடிதம், மூன்று பேருக்கும் தெரியும்படி. யார் யாருக்கு அனுப்பினோம் என்று கடிதத்திலேயே எழுதிவிடுவோம். அப்போது "அது எங்கள் கால்வாய் இல்லை" என்று ஒருவர் சொன்னால், மற்ற இருவரும் அதைப் படிப்பார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தைகள், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போய்வருகிறவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதையும், அந்தந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, தனித் தாளில் எழுதிக் கிளினிக் தாதியரிடம் மட்டும் கொடுப்பதாகச் சங்கம் யோசித்திருக்கிறது. வெள்ளம் வந்தால் படகு முதலில் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. நோட்டுப் புத்தகத்தை ஒரு கடைக்காரர் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. பால் மரம் வெட்டி அனுபவமுள்ள பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் வேண்டும். பழைய தோட்டத்து ஓடைகள் இப்போதைய தாமானுக்கு அடியில் எப்படிப் போகின்றன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எந்த இலாகா வரைபடத்திலும் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். விருப்பமுள்ளவர்கள் விழா முடிந்ததும் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். தீபாவளிக்கு முன்னால் மழை தொடங்கிவிடும். முதல் கடிதம் அதற்கு முன்பே போக வேண்டும் என்பது எங்கள் திட்டம்.

பரிசு வாங்க வேண்டிய பிள்ளைகள் நெளியத் தொடங்கிவிட்டீர்கள், தெரிகிறது. இத்துடன் இடம் விடுகிறேன்.